தொண்டைக்கு விக்ஸ்

“அடுத்த வாரம் இன்டர்வியூவ வெச்சிக்கினு இப்ப வந்து நிறுத்தலாம்னு—”

“இன்டர்வியூல என்னாங்க பேசும், வாயே திறக்காத புள்ள—”

“—நடுவுல விட்டா இத்தன மாசம் பட்ட பாடெல்லாம்—”

“—பட்டது அவ. நீங்க என்னா பட்டீங்க?”

“நானா? சொந்தப் பொண்டாட்டிகிட்ட ரசம் கேக்கறதுக்கு மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டுக் கேக்கறேன் பவுலி. அது பாடு இல்லயா?”

பவுலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போடும்போது சிரிக்கவைக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் சின்னச் செருப்பின் சத்தம். குழாயைத் திருகி மூடியது போல இரண்டு பேரும் நின்றார்கள்.

ஜூலியா உள்ளே வந்தாள். மூன்றரை வயது. நெற்றியில் ஒட்டிய முடி, கையில் தலை கழன்ற பொம்மை.

“கம் பேபி,” என்றாள் பவுலின். “ஹங்ரி?”

“வேர் யூ... வேர் கோயிங் பேபி?” என்றான் ஹெர்பர்ட், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பொறுக்கி.

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு கட்டிலுக்கடியில் கிடந்த பொம்மையின் தலையைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

“பாத்தீங்களா,” என்றாள் பவுலின்.

ஜீவனஹள்ளியில் அந்தக் காம்பவுண்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். குழாய் பொது, துணிக்கொடி பொது, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் பொது. ஜூலியா பேசத் தொடங்கிய புதிதில் அவள் குரலும் பொதுவாகத்தான் இருந்தது. குழாயடியில் நின்று எல்லோருக்கும் நியாயம் சொல்லுவாள். போன வருஷம் முழுக்க அவள் வாயை மூடவைப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு அந்த வாய் திறக்காதா என்று வீடே காத்துக் கிடந்தது.

மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றபோது, கூடப் பூசைக்கு வரும் ஜோசஃபின் தன் மகனுக்குக் கான்வென்டில் இடம் கிடைத்த கதையைச் சொன்னாள். ஜோசஃபினும் ஒரு தாய்தான், நல்லதுக்குத்தான் சொன்னாள். இன்டர்வியூவில் பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டுமானால் வீட்டுக்குள் தமிழ்க் காற்றே படக்கூடாது, நாங்கள் அப்படித்தான் செய்தோம் என்றாள். ஹெர்பர்ட் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அவன் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகம் வைத்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவனுக்குப் பதில் தெரியும். இங்கிலீஷில்தான் வரவில்லை. எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். வைட்ஃபீல்டு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்புகின்றன, என் பெண் அதன் வாசலில் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்கக்கூடாது என்பான். அவன் அப்படிச் சொல்லும்போது பவுலினால் மறுத்துப் பேச முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் இங்கிலீஷ். தமிழ்ப் பூசையை விட்டு இங்கிலீஷ் பூசைக்கு மாறினார்கள். கீரைக்கார லட்சுமம்மாவிடம் கன்னடம் பேசலாம், பன் விற்கும் பாயிடம் அவர் பாஷை பேசலாம், குழந்தை காதுபடத் தமிழ் மட்டும் கூடாது. பவுலின் காம்பவுண்டு முழுக்கப் போய், ஜூலியாவிடம் யாரும் தமிழில் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு யசோதாவிடம் இருந்த இங்கிலீஷ் ‘டாடா’வும் ‘தேங்க்ஸ்’உம்தான். அவை தீர்ந்த பிறகு அவள் குழந்தையிடம் கைச்சாடையிலேயே குடும்பம் நடத்தினாள்.

முதலில் ஜூலியா அழுதாள். அப்புறம் கேள்வி கேட்டாள், தமிழில். பவுலின் இங்கிலீஷில் பதில் சொல்லத் திணறுவாள், வார்த்தை கிடைக்காமல் தொண்டையைச் செருமுவாள், கடைசியில் “லேட்டர், பேபி” என்று முடிப்பாள். கேள்விகள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. காது டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

பொறுப்பது எப்படி என்று சொல்லித் தந்தவள் யசோதாதான். மூன்று பெற்றவள், கடைசிது தூளியில் கிடந்தது. அவளுடைய நடுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் ஊமைச்சாமியாக இருந்ததாம், இன்றைக்கு அவன் வாய்க்குப் பயந்து வாத்தியார் விடுப்பு எடுக்கிறாராம். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னாள். அதைவிட முக்கியமாக, பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு உட்காராதே, அரிசி களைந்துகொண்டே இரு, துணி மடித்துக்கொண்டே இரு, பார்த்துக்கொண்டிருந்தால் பால்கூடப் பொங்காது என்றாள். அவள் வீட்டுக்காரர் அய்யாவு ஆட்டோ ஓட்டுகிறவர். ஹெர்பர்ட்டை முன் சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, பெரியவன் நடக்க எத்தனை நாள் எடுத்துக்கொண்டான், தான் எத்தனை கோயில் சுற்றினேன் என்றெல்லாம் சொல்லி, “தம்பி, அவங்கவங்க நேரத்துக்குத்தான் வருவாங்க, நம்ம ஹார்ன் அடிச்சி ஒண்ணும் ஆவாது” என்றாராம். அன்றைக்கு ஹெர்பர்ட் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

குழந்தையிடம் புதிதாக வந்த ஒரே பழக்கம் விக்ஸ். பவுலின் மத்தியானம் கண்ணயர்ந்தால் போதும், ஜூலியா டப்பாவை எடுத்து வந்து அவள் தொண்டையில் பட்டையாகத் தடவிவிடுவாள். ரவிக்கைக் கழுத்தெல்லாம் பிசுக்கு. ஏதோ விளையாட்டு என்று பவுலின் விட்டுவிட்டாள். டாடிக்கும் ஒரு தடவை, அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது.

இன்றைக்குக் காலையில் சண்டை ஓய்ந்த பின், ஹெர்பர்ட் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்ப நீலச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பவுலின் அவன் டிபன் டப்பாவை மூட முடியாமல் அதன்மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது யசோதா வாசலில் வந்து நின்றாள். ஈரக் கை, தோளில் பிழிந்த சேலை. உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

“செருப்புப் போடாத,” என்றாள் மெதுவாக. “மூச்சு விடாம வா.”

என்ன, விழுந்துவிட்டாளா என்று பவுலின் கேட்டதற்கு யசோதா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு பேரும் கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவே குனிந்து போய், யசோதா வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள்.

உள்ளே ஒரு குரல் கேட்டது. பவுலின் அதை மறந்தே போயிருந்தாள்.

“அழாத. நான் சொல்லித் தரேன். உங்கம்மாகிட்ட தமிழ்ல அழு, அவங்களுக்குப் புரியும்.”

பவுலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யசோதாவின் கை அவள் முதுகில் இருந்தது. கம்பிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஜூலியா தூளிக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, காலால் தூளியை ஆட்டிக்கொண்டு, உள்ளே கிடக்கும் கைக்குழந்தைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“சொப்பு அஜ்ஜி கூடையோட வந்தா, இன்னிக்குக் கீரை வேணாம்னா ‘பேடா அஜ்ஜி, நாளெ பா’ன்னு சொல்லணும். கத்திச் சொல்லு, அஜ்ஜிக்குக் காது கேக்காது. பன் பாய் வந்தா, ‘கடக் நக்கோ பாய், நரம் ஹோனா’. அப்பதான் மெத்துனு இருக்கறது குடுப்பாரு. சிஸ்டர் வந்தா எழுந்து நின்னு ‘குட் மார்னிங் சிஸ்டர், காட் பிளஸ் யூ’. உனக்கு எழுந்து நிக்க வராது. பரவால்ல, படுத்துக்கினே சொல்லு.”

லட்சுமம்மாவிடம் பேரம் பேசும்போது கடைசிச் சொல்லை இழுக்கும் அந்த இழுப்பு பவுலினுடையது. பாயிடம் பன்னை அழுத்திப் பார்த்தபடி கேட்கும் அந்த அதட்டல் அவளுடையது. சேலை முந்தானைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை நின்றுகொண்டிருந்ததே, அது விளையாடிக்கொண்டிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது ஒரு ஊரையே எடுத்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கு எது, எவ்வளவு சத்தத்தில், எந்த முகத்தோடு என்று ஒன்றோடு ஒன்று கலக்காமல். யாரும் சொல்லித் தரவில்லை. வானத்திலிருந்து இறங்கி வந்த எதையோ பார்ப்பது போல அவள் தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்தாள்.

திரும்பி வீட்டுப் பக்கம் கையசைத்தாள். டிபன் டப்பாவோடு வாசலுக்கு வந்த ஹெர்பர்ட், அவள் முகத்தைப் பார்த்து ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான்.

உள்ளே தூளி நின்றது. ஜூலியா எழுந்து, தூளியின் சேலையை விலக்கி, கைக்குழந்தையின் காதருகே குனிந்தாள். குரல் தாழ்ந்தது.

“எங்க மம்மி வந்தா மட்டும் ஒண்ணும் சொல்லாத.”

கைக்குழந்தை ஏதோ முனகியது.

“அவங்களுக்குத் தமிழ் போயிடுச்சு. டாடிக்கும் போயிடுச்சு. கன்னடம் இருக்குது, பாய் பாஷ இருக்குது, அது மட்டும் தொண்டையில மாட்டிக்கிச்சு. டெய்லி விக்ஸ் தடவுறேன், வரமாட்டேங்குது. இங்கிலீஷ் கொஞ்சூண்டுதான் வெச்சிருக்காங்க. நான் எதனா கேட்டா அதுவும் தீந்துடும். அப்புறம் எப்படிப் பேசுவாங்க? பாவம்.”

கொடியிலிருந்து சேலை நுனி சொட்டிக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட்டின் கை அவனையறியாமல் தன் தொண்டைக்குப் போனது. அங்கேயே நின்றது.

இத்தனை மாசமும் தங்கள் குழந்தையிடமிருந்து பேச்சு போய்விட்டது என்று அவர்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தார்கள். அதே வீட்டில், அதே கட்டிலில், அது அவர்களிடமிருந்து பேச்சு போய்விட்டது என்று பயந்துகொண்டிருந்திருக்கிறது. தன் வாயை மூடி, அவர்களிடம் மிச்சமிருந்த வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“நாம அதுக்கு வைத்தியம் பாக்கறோம்னு இருந்தோம் பவுலின்,” என்றாள் யசோதா, வாய்க்குள்ளேயே. “அது உங்களுக்குப் பாத்துக்கினு இருந்திருக்குது.”

பவுலின் கணவனைப் பார்த்தாள். அடுத்த வாரம், இன்டர்வியூ, கண்ணாடிக் கட்டடம், எல்லாம் அவன் முகத்தில் இருந்தன. அவன் சொல்லுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றான்.

அம்மாவைக் கண்டதும் ஜூலியா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பவுலின் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. மாசக்கணக்கில் முதல்முறையாக யோசிக்காமல் பேசினாள்.

“பசிக்குதாடி கண்ணு? ரசஞ்சாதம் பிசைஞ்சித் தரட்டுமா?”

ஜூலியா அசையவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. மெல்ல நகர்ந்து வந்து, இரண்டு விரலை அம்மாவின் தொண்டையில் வைத்து, அங்கே ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பது போல அழுத்திப் பார்த்தாள். பிறகு, நிலைப்படியில் நிற்கும் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் உதடு துடித்தது, திறந்தது, சத்தம் வரவில்லை.

அவள் அம்மாவின் காதோடு வாயை வைத்து, அப்பா மனம் நோகாதபடி மெதுவாகக் கேட்டாள்:

“டாடிக்கு எப்ப வரும், மம்மி?”