எங்கள் வீட்டு நோன்பு

ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் என் வீட்டுக்காரர் கறி, மீன், முட்டை, டீ எல்லாவற்றையும் விட்டுவிடுவார். காலையிலும் சாப்பிட மாட்டார். லேத் பட்டறையில் வெறும் வயிற்றோடு இரும்பு கடைகிற மனிதர் என்று கோயில் முழுக்கப் புகழ்ச்சி. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பதினொன்றாவதாகத் தட்டும் பறக்கும். அது கோயிலுக்குத் தெரியாது. சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் மிக்சியை நிறுத்துவேன், மகள் பாடத்தை வாய்க்குள்ளேயே படிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியார் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தத் தவக்காலத்தில் யார் எதை விட்டீர்கள் என்று கேட்டார். மிட்டாய், கார்ட்டூன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் மகளின் முறை வந்தது.

"அப்பா கறிய விட்டுட்டாங்க ஃபாதர். நானும் அம்மாவும் வீட்ல பேசறத விட்டுட்டோம். பேசினா அப்பாவுக்குக் கோவம் வருது."

சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போனது.

"சும்மா சொல்றா ஃபாதர். இவ எதுக்கும் கத கட்டுவா," என்று சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டும் பறக்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தவக்காலத்தின் கடைசியில் வரும் பெரிய வாரத்தில், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். முன்னால் அவர், அடுத்து நான், எனக்குப் பின்னால் மகள். அவள் என் கையை இழுத்தாள்.

"அம்மா, அன்னிக்கு ஃபாதர்கிட்ட நான் பொய் சொன்னேன்ல? அதையும் சொல்லணுமா?"

பெற்ற பிள்ளையின் உண்மையைப் பாவமாக்கி அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

"நீ பொய் சொல்லலடா. பொய் சொன்னது அம்மாதான்." மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மட்டும் திரும்பவில்லை. காதுமடல்கள் சிவந்திருந்தன. அவர் முறை வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க. எனக்கு நெறைய இருக்கு," என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சரிப்பா என்று சொல்ல மகளின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள்.