கடலூரில் பாடும், சிதம்பரத்தில் ஊமை

சகாயநாதன் சரிசெய்த கார் ரேடியோ கடலூரில் பாடியது. சிதம்பரத்தில் வாயைத் திறக்கவில்லை. திரும்பக் கடலூருக்குக் கொண்டுவந்து வைத்தால் மறுபடியும் கணீரென்று பாடியது. இதென்னடா கூத்து என்று மனிதருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

லேசுப்பட்ட ரேடியோ இல்லை அது. அந்தக் காலத்து ஹெரால்டு காருக்கென்றே செய்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு பழைய சாமான் கடையில், உள்ளே கரப்பான்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தபோது வாங்கி வந்தார். அவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சோற்றுத் தட்டைக்கூடப் பார்க்காமல் நேரே, வருடக்கணக்காகப் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டிருக்கும் தன் அறைக்குள் போய்விடுவார். அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதையொட்டித்தான் அவருடைய மேஜை. ஆறு மாதம் அங்கேயே உட்கார்ந்து, குமிழ் முதல் முள் வரைக்கும் அசலாகவே தேடிப் பிடித்து மாட்டி, அதற்கு உயிர் கொடுத்துவிட்டார்.

ஆனால் இப்போது அந்த அறைக்கே ஆபத்து. மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டில் வேறு அறை கிடையாது. மனைவி சிந்தியா தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"பொண்ணு புத்தாண்டுக்குள்ள வந்துடுவா. அவ எங்க படுப்பா, உங்க ஓட்ட ரேடியோ மேலயா? இது வித்துப் போயி அங்கயே தங்குச்சுன்னா பாதி ரூமு உங்களுக்கு. திரும்பி வந்துச்சோ, மேஜையோட சேத்து மொத்தத்தயும் காயலான் கடைக்குப் போட்டுடுவேன், ஆமா!"

சொன்னதைச் செய்கிறவள்தான். போன வருடம் அவருடைய ஸ்கூட்டரை இப்படித்தான் ஏற்றி அனுப்பினாள்.

ரேடியோவை வாங்கியவர் சிதம்பரம் வைத்திலிங்கம். கூரைத் தகடு வியாபாரி. அப்பா ஓட்டிய ஹெரால்டைப் பிரித்து மேய்ந்து புதுசாக்கி வைத்திருந்தார். போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கே வந்து, பாட்டைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் சார். நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க" என்றார்.

சகாயநாதன் சிதம்பரம் போனார், கொட்டகைக்குள் நின்ற காரில் மாட்டினார். குமிழைத் திருப்பினால் 'கர்' என்ற இரைச்சல். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினாலும் அதே கர்.

"இன்னா சார், உங்க வூட்ல அந்தப் பாட்டு பாடுச்சு?" வைத்திலிங்கத்தின் முகம் தொங்கிவிட்டது.

"வெளிச்சமே பத்தலண்ணே. காரைக் கொஞ்சம் வெளிய தள்ளலாமா?"

"ஐயையோ, மார்கழி பொறந்துடுச்சே! தை பொறக்கட்டும். கீழ சன்னதியில பூஜ போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் சக்கரம் உருளணும். அதுக்கு முன்னாடி ஒரு அங்குலம் நவுத்த வுட மாட்டேன்."

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழங்கள் அப்போதே தயாராக இருந்தன. அதற்கு மேல் வற்புறுத்த சகாயநாதனுக்கு மனம் வரவில்லை. ரேடியோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் மேஜைமேல் வைத்து இணைப்பு கொடுத்தார். திருச்சி நிலையம் கொட்டியது! அவருக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. தினம் சோதித்தார், தினமும் பாடியது. பேட்டரியில் குற்றமா, ஸ்பீக்கரில் குற்றமா, இல்லை தில்லை மண்ணுக்கே தன்னைப் பிடிக்கவில்லையா?

"சிதம்பரத்துல ஏதோ கோளாறு" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு ஊரே கோணலாப் போச்சா?" என்றாள் சிந்தியா. "இந்தத் தடவ நானும் வரேன்."

காயலான் கடைக்காரனின் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினாள்.

வைத்திலிங்கம் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். கொட்டகைக்குள் நுழைந்ததும் சிந்தியா அண்ணாந்து பார்த்தாள். மேலே தகடு, நாலு பக்கமும் தகடு. கதவுகூடத் தகடுதான்.

"எல்லாம் நம்ம கடை சரக்கும்மா. மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார் வைத்திலிங்கம்.

சகாயநாதன் மாட்டினார். கர். ஒயரை மாற்றினார். கர். பேட்டரி முனையைச் சுரண்டினார். கர். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது. இன்றோடு மேஜை போச்சு, ஜன்னல் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் முள்ளை ஓட்டினார்.

அந்த நேரம் பார்த்து சிந்தியா போனைக் காதில் வைத்துக் கத்த ஆரம்பித்தாள்.

"அலோ! அலோ! ஒண்ணுமே கேக்கலடி! இங்க உள்ள டவரே இல்ல, இரு!"

கதவைத் தாண்டி வெளியே போய் நின்றாள். "ஆங், வெளிய வந்ததும் நல்லாக் கேக்குது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

சகாயநாதனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. குடி முழுகும்போது இவளுக்குப் போன் ஒரு கேடு என்று நினைத்தவர், நினைத்த இடத்திலேயே நின்றார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நாலு சுவரையும் பார்த்தார். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"அண்ணே! சுத்தித் தகடு அடிச்ச உங்க கொட்டாயில மழைத்தண்ணியே வரலியே, ஸ்டேஷன் எப்படிண்ணே வரும்?"

வைத்திலிங்கம் விழித்தார். சகாயநாதன் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பையிலிருந்து நீளமாக ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை காரின் ஏரியலில் சுற்றி, கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்து, மறு முனையை முருங்கை மரத்துக் கிளையில் கட்டினார். எலுமிச்சம்பழம் ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே வந்து குமிழைத் திருப்பினார். நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஒரு பெண்குரல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சொன்னது.

"பாடுது! சார், பாடுது!" என்று கத்தினார் வைத்திலிங்கம். புழு மருந்துக்கு இவ்வளவு மகிழ்ந்த மனிதரை சகாயநாதன் பார்த்ததே இல்லை.

"தை பொறந்து கார் ரோட்டுக்கு வந்துட்டா இந்த ஒயரே வேணாம்ணே" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் சிந்தியா. அவள் மடியில் வைத்திலிங்கம் வீட்டார் கொடுத்த வாழைப்பழம். வண்டி புவனகிரி தாண்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"போன்ல யாரு, பொண்ணா?"

"ஒருத்தரும் இல்ல."

"கத்துனியே!"

"நான் ரூமு ஜன்னல சாத்தப் போனா, 'ஒயரு வெளிய கெடக்கு, சாத்துனா ரேடியோ செத்துடும்'னு இத்தினி வருசமா என்மேல பாயறது யாரு? உள்ள நொழைஞ்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த மனுசர் எதுர நான் சொன்னா உங்களுக்கு நல்லாவா இருக்கும்?"

சகாயநாதனுக்குக் குழப்பம் தீருவதற்குப் பதில் ஜாஸ்திதான் ஆனது.

"ஏன்டி, சும்மா இருந்திருந்தா முழு ரூமும் உனக்குக் கெடச்சிருக்குமே?"

"கெடச்சிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க எங்க போயி உக்காருவீங்க?" என்று பழத்தை உரித்துப் பாதியை அவர் கையில் வைத்தாள்.

அவர் பழத்தைத் தின்று முடித்து, தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தொட்டில ஜன்னல் பக்கம் கட்டிடலாம். காத்து வரும்" என்றார். "மேஜைய உள்பக்கம், செவுத்தோரமாத் தள்ளிக்கிறேன்."

"அங்க வச்சா உங்க ரேடியோ எதுவும் பாடாதே?"

"பாடாட்டிப் போவுது."