தலைவரின் மரம்

நாலாவது படியில் இருந்த தொட்டியை டீச்சர் காலால் ஓரமாகத் தள்ளினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் புருஷனுடைய தொட்டி ஒன்றில் அவள் கால் பட்டது இதுதான் முதல் தடவை. மேலேயிருந்து அவள் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைப் போர்வையில் ஏந்திக்கொண்டு இறங்கினார்கள். படிக்கு ஒன்றாக மரம் வைத்திருந்தார் மனுஷன். ஒன்றுகூட முழங்கால் உயரம் தாண்டாது.

"அக்கா, திருப்பத்துல இருக்கிறதையும் எடுத்துடு. கால் இடறுது."

"உடைஞ்சா உடையட்டும். நீ அவரை விட்டுடாதே."

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனவர் ஏழரை வரைக்கும் காபிக்கு இறங்கவில்லை. அவள் மேலே போய்ப் பார்த்தாள். தன் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் கத்தரி. வழக்கம்போல ஆரம்பித்து, மூன்று வாக்கியம் திட்டிய பிறகுதான் திட்டு வாங்க ஆள் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முன்னறையில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடினார்கள். வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும் என்று தம்பி சொன்னான். டீச்சர் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியை அவள். அவள் விசில் ஊதினால் முந்நூறு பிள்ளைகள் முதுகெலும்பு இருப்பது நினைவு வந்ததுபோல நிமிரும். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் போய் ஓட்டிவிட்டு வருவார். சொந்த வாழ்க்கையில் ஒரு மாடிகூட ஏறவில்லை என்பது அவள் கருத்து. வேலை முடிந்து வந்தால் மாடியில்தான் பொழுது. வளருகிற மரத்தை வளரவிடாமல் கிள்ளி, வேரைக் கத்தரித்து, செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கி, அதற்கு அழகு என்று பெயர் வைப்பார். "நிழலுக்கு ஒதுங்கினா ஒரு எறும்புக்குப் பத்துமா இது?" என்று கேட்பாள். சிரிப்பார். பதில் சொல்லத் தெரியாதவர்களின் சிரிப்பு.

போன்சாய் கழகம் என்று ஒன்று இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் ஒரு மேஜையைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்து "ம்ம்" என்பார்கள். பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு "ம்ம்". அதில் இவருக்கு என்ன பொறுப்பு என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாள். நாற்காலி போடுகிற பொறுப்பு. கூட்டம் முடிந்ததும் மடக்கி அடுக்குகிற பொறுப்பும் அவருக்கேதான்.

பதினொரு மணிக்கு அந்தக் கழகத்தின் தலைவரும் செயலாளரும் வந்தார்கள். தலைவர் சந்தன நிறச் சட்டை போட்ட, உயரமான, தொண்டையைச் செருமிவிட்டே பேசத் தொடங்குகிற ஆள். செயலாளர் அவருக்கு அரையடி பின்னால் நடப்பவர். மலர் வளையத்தைக் காலடியில் வைத்துவிட்டுத் தலைவர் கால் நிமிஷம் கண்ணை மூடி நின்றார்.

"நல்ல மனுஷன். சொன்ன வேலையைச் செய்வார்," என்றார் கண்ணைத் திறந்து. "எனக்கே ரொம்பக் கஷ்டமா போச்சும்மா. நாளைக்கு நான் வர்றதா இருந்தேன். சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்."

"அந்த மரம் எங்க இருக்கு?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அலைச்சல்ல யாரும் தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க. வெயில் ஏறிட்டிருக்கு. அதான்."

"மேல இருக்கு. வாங்க," என்று எழுந்தாள்.

அந்த மரத்தின் கதை அவளுக்கும் கட்டிலில் கிடப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தலைவர் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, ஆறு மாசம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஓர் அத்தி மரத்தை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கழகத்திலேயே பேர் பெற்ற மரம். இருபது பேர் இருக்க, நாற்காலி போடுகிற தன்னிடம் கொடுத்தாரே என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாசமே மரம் செத்துப்போனது. வேர் அழுகல். தலைவர் கொடுக்கும்போதே அழுகியிருக்க வேண்டும் என்று மண்ணைக் கிளறிப் பார்த்து முனகினார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டீச்சர்தான் அந்தக் கட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

"போனைப் போட்டுச் செத்துடுச்சுன்னு சொல்லுங்க. மரந்தானே. கொலைக் கேஸா போடப் போறார்?"

சொல்லவில்லை. பீரோக் கதவின் உள்பக்கம் அந்த மரத்தின் போட்டோவை ஒட்டினார். ஏதோ ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து கோணல்மாணலான ஓர் அத்திக் கன்றை வாங்கிவந்து, பழைய தொட்டியிலேயே நட்டு, போட்டோவைப் பார்த்துப் பார்த்து வளைக்க ஆரம்பித்தார். தலைவர் போனில் கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்பார். போட்டோ கேட்டால் பழைய போட்டோவை அனுப்புவார். ஆறு மாசம் ஒன்பது வருஷமாக நீண்டது; கழகத்துக்கு அங்கிருந்தபடியே அவர்தான் தலைவர். இப்படி ஒரு தொடைநடுங்கி உலகத்தில் உண்டா என்று அவள் கேட்காத மாசம் இல்லை. போன மாசம் தலைவர் திரும்பி வந்தார். அன்றிலிருந்து இவர் தூங்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மூன்று தடவை சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வர்றாராம்." மூன்றாவது தடவைக்கு அவள், "வந்து உங்களைத் தூக்கிலயா போடப் போறார்?" என்றாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டூலும் கத்தரியும் அப்படியே கிடந்தன. தலைவர் ஸ்டூலைத் தாண்டிப் போய் வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்தார்.

"பாத்தீங்களா," என்றார் செயலாளரிடம். "கம்பியை எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்கலை. பட்டையில பதிஞ்சு போச்சு. பாவம், பழகினாரே தவிரக் கத்துக்கலை."

"உழைப்பு இருந்தது. கண் இல்லை," என்றார் செயலாளர்.

"கண் பிறவியில வரணும்."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இதே வார்த்தைகளை அவளும் இத்தனை வருஷம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் சொன்னது வேறு. அவளுக்கு அந்த உரிமை இருந்தது. வளையத்தோடு வந்து கால் நிமிஷம் நின்றவனுக்கு என்ன உரிமை?

மூலையில், நிழல் வலைக்குக் கீழே, தனி மேஜையில் அந்த மரம் இருந்தது. தலைவர் அதைப் பார்த்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். டீச்சர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை.

தலைவர் தொட்டியைச் சுற்றி வந்தார். அடிமரத்தைத் தடவினார். இடப்பக்கம் ஆறிப்போயிருந்த ஒரு வெட்டுத் தழும்பில் அவர் விரல் நின்றது. அந்தத் தழும்பைப் பழுக்கக் காய்ச்சிய ஸ்குரூடிரைவரால் சுட்டு, இரண்டு மழைக்காலம் காத்திருந்து ஆறவைத்தவர் கீழே கிடக்கிறார்.

"இந்த வெட்டு நான் போட்டது," என்றார் தலைவர். தழும்பை இன்னொரு தரம் தடவினார். "எப்படி மூடியிருக்கு பாருங்க."

"தலைவரே, இலை சின்னதாயிட்ட மாதிரி இருக்கே?" என்றார் செயலாளர்.

"ஆகும். நான் போட்ட அடித்தளம் அப்படி. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பலன் தெரியுது. ஒரு கை இருக்குன்னா மரம் அதை மறக்காது. அவர் தண்ணி ஊத்தினார், அவ்வளவுதான். அதுவரைக்கும் நன்றி சொல்லணும்."

உண்மை டீச்சரின் வாய் வரைக்கும் வந்தது. இந்த ஆளுக்கா பயந்தார்? ஒன்பது வருஷம் நிம்மதியை விட்டு, தூக்கத்தை விட்டு, கடைசியில் உயிரையும் விட்டது இந்தச் சந்தன நிறச் சட்டைக்கா? ஒரு நாள் பொறுத்திருந்தால் போதுமே. ஒரே ஒரு நாள்.

"சார்," என்றாள். "அவருக்கு இந்த மரம்னா உசிரு. கீழ கொண்டு வந்து, அவர் பக்கத்துல வெச்சு, இதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

மேடை என்றால் தலைவர் மறுக்கிற ஆள் இல்லை. தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். டீச்சர் தன் நாற்காலியைக் காலிசெய்து தலைமாட்டில் போட்டு, அதன்மேல் மரத்தை வைக்கச் சொன்னாள். முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"அக்கா, என்ன இது, கூட்டமா நடத்தறார்?" என்று தம்பி அவள் காதில் கேட்டான்.

"நடத்தட்டும்."

தலைவர் செருமினார். "இந்த வேரைப் பாருங்க. நாலு பக்கமும் தரையைப் பிடிச்சிட்டு நிக்குது. இதை ஒரு நாள்ல செய்ய முடியாது. அவசரப்படாத கை வேணும். ஒரு கிளை எங்க திரும்பணும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்ச கண் வேணும்..."

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள் டீச்சர். "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

தலைவர் குரலை உயர்த்தினார். அவள் தலைவரைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன். பெரிய பெரிய ஆளுங்க கைவேலையைப் பார்த்திருக்கேன். அவங்க வரிசையில வைக்கலாம் இந்தக் கையை. ஒரு மனுஷனுக்கு வாழ்நாள்ல இப்படி ஒரு மரம் வாய்ச்சா போதும். அவன் வீணா வாழலை." கடைசி வாக்கியத்தில் அவருக்கே கண் கலங்கியது. செயலாளர் கைதட்டப்போய், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"ஆச்சா சார்?"

"ஆச்சும்மா."

"இன்னொரு தரம் சொல்லுங்க. அந்தக் கடைசி வரி."

தலைவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அவன் வீணா வாழலை."

"எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

பன்னிரண்டுக்கு வண்டி வந்தது. அவரை ஏற்றினார்கள். தம்பி பின்னால் அவரோடு உட்கார்ந்தான். டீச்சர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். தெரு ஒடுக்கம். எதிரே தலைவரின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தலைவர் முன் சீட்டில் மரத்தை வைத்துவிட்டு, அதன்மேல் சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தரம் கிளைக்கு மேலே போட்டார். கழற்றித் தொட்டியைச் சுற்றிப் போட்டார். செயலாளர் பின் சீட்டுக்குப் போனார்.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். "ஹாரன் அடிக்கட்டுமாம்மா?"

"வேணாம்," என்றாள் டீச்சர். "மெதுவா எடுக்கட்டும். மரம் அலுங்கிடும்."