ரெண்டு நீட்டு, மூணு வெட்டு

பேருந்தின் கண்ணாடி முதலில் உடைந்ததா, எங்கள் கடையின் கண்ணாடி முதலில் உடைந்ததா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. நீதிமன்றத்தில் நான் பேருந்துதான் என்று சொன்னேன். அக்கா, கடைதான் என்றாள். இருவரும் ஒரே வாசலில் தோளோடு தோள் நின்றுதான் பார்த்தோம். இப்போது யோசித்தால் இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்கின்றன. மழை பெய்துகொண்டிருந்ததாகவும் சில சமயம் தோன்றும். மழை இல்லை. தரை ஈரமாக இருந்ததற்குக் காரணம் வேறு. ஆகவே நான் சொல்வதில் வரிசை முன்பின்னாக இருக்கலாம். நடந்தது நடந்ததுதான்.

கடை அக்காவுடையது. கால்பந்து மைதானத்தின் பெரிய வாசலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டினாற்போல் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை. சூப், ரொட்டி, வறுத்த மீன், முட்டை. அக்கா அடுப்படியில், நான் கல்லாவில். ஆள் இல்லாத நேரத்தில் மடியில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். "இவன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள சூப் ஆறிடும்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். துறைமுகத்தில் கிளம்பி, ஆஸ்பத்திரி வழியாக வந்து, எங்கள் நிறுத்தத்தில் முடியும் தடம் அவருடையது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒரு பெண் தினமும் அந்த வண்டியில் வந்து இறங்கி, தூக்குப் பாத்திரத்தில் சூப் வாங்கிப் போவாள். நாங்களும் கடைக்கு வருகிறவர்களும் சூப்பம்மா என்று கூப்பிடுவோம். கழுத்தில் எங்கள் அணியின் சிவப்புத் துண்டு இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை.

தாடி என்று ஊரே கூப்பிடுகிறவன் எங்கள் கடைக்கு வந்தது எங்கள் கெட்ட காலத்தில். எதிர்ச்சாரியில், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகம் ஒன்று திறந்திருந்தது. நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். தாடிக்கு டயர் கடை. மைதானத்தில் முரசு அடிக்கும் ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். ஒருநாள் பசை வாளியோடு வந்து எங்கள் கண்ணாடியில் சிவப்புச் சுவரொட்டி ஒன்றை ஒட்டினான். 'நம்ம ஊர்ல சாப்பிடு. நம்ம பஸ்ல போ. நம்ம டீமுக்குக் கத்து.'

"ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கறதில்லையாடா?" என்றாள் அக்கா.

"கேட்டா நீங்க வேணாம்பீங்க. அப்புறமும் நான் ஒட்டுவேன். எதுக்குக்கா ரெண்டு வேலை?"

அடுத்த ஆட்டத்தன்று முரசுக் கூட்டம் மொத்தமும் எங்கள் கடையில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் ஈ ஓட்டவில்லை. அத்தானை அவன் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அவனால்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. அக்கா அதை மறந்தவள் அல்ல. அன்று அவள் கை ஒரு கணம் நின்றதற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது.

ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது அத்தான் வண்டியை ஆமைபோல் நகர்த்துவார். சிவப்பு வண்டி. ரசிகர்கள் அதன் விலாவில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடப்பார்கள். பதிலுக்கு அவர் ஹாரன் அடிப்பார்: ரெண்டு நீட்டு, மூணு வெட்டு. மைதானத்தில் எல்லோரும் கைதட்டும் தாளம் அதுதான். ஜெயித்த அன்று வேகமாக அடிப்பார். தோற்ற அன்று மெதுவாக, தோளில் கை போடுவதுபோல. அந்தச் சத்தம் கேட்டதும் வயது வந்த ஆண்களே முகத்தை மூடிக்கொண்டு அழுததைக் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். எதிரணி பக்கத்து நகரத்துக்காரர்கள். அவர்கள் நிறம் பச்சை. காலையில் அத்தான் சூப் குடிக்க வந்தபோது, வாசலில் நின்ற அவர் வண்டியும் பச்சையாக இருந்தது.

"என்னங்க இது, எதிரி வீட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"டிப்போல குடுத்ததை ஓட்டுறேன். பக்கத்து ஊர்ல இரவல் வாங்கியிருக்காங்க. நம்ம வண்டியெல்லாம் ஒர்க்‌ஷாப்ல படுத்துக் கிடக்கு." அத்தான் கிண்ணத்துக்கு மேலாக, எதிரே உட்கார்ந்திருந்த தாடியைப் பார்த்தார். "போன மேட்ச் ஜெயிச்சதும் கூரை மேல ஏறி ஆடினாங்க பாரு, அந்த மகராசங்க புண்ணியம்."

"சந்தோஷம்னா நாலு சீட்டு கிழியத்தான் செய்யும், மச்சான்."

"சீட்டு கிழியட்டும்டா. கூரையில குழி விழுந்து, மழை வந்தா வண்டிக்குள்ள குடை பிடிக்க வேண்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தாடியும்தான். போகிற போக்கில் பச்சை வண்டியின் முன்சக்கரத்தை விளையாட்டாக ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான்.

அக்கா ஒரு சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினாள். "இதை முன்கண்ணாடியில கட்டிக்கோங்க."

"அவங்க வண்டிம்மா. எதையும் கட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க." அத்தான் எழுந்து கை கழுவினார். "வண்டி யாருதா இருந்தா என்ன? ஓட்டறவன் நம்ம ஆளுதானே?"

ஆட்டத்தை நாங்கள் காதால்தான் பார்ப்போம். சத்தம் ஏறினால் அக்கா அடுப்பைக் கூட்டுவாள், இறங்கினால் குறைப்பாள். அன்று வெயில் இன்னும் தெருவில் கிடந்தபோதே முரசு பாதித் தாளத்தில் நின்றது. பிறகு வந்த அமைதி நீண்டுகொண்டே போனது. நான் அமைதியை விரும்புகிறவன். அதில் பல ரகம் உண்டு என்று எனக்குத் தெரியும். இந்த ரகத்தை அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "ஷட்டரைப் பாதி இறக்குடா" என்றாள்.

தோற்ற நாட்களில் எங்கள் வழக்கம் அது. இடுப்பளவு இடைவெளி விட்டு வாசல் ஷட்டரை இறக்கிவிடுவோம். தெரிந்தவர்கள் குனிந்து உள்ளே வருவார்கள். மற்றவர்கள் கடை மூடியிருக்கிறது என்று போய்விடுவார்கள். ஷட்டரை இழுக்க, நுனியில் கொக்கி வைத்த நீளமான இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. இறக்கிவிட்டு, கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே நின்றேன். அக்காவும் குனிந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

கூட்டம் மைதான வாசலில் வந்து கொட்டியது. முதலில் எதிர்ச்சாரி உணவகத்தின் நாற்காலிகள் பறந்தன. பச்சைத் துண்டு போட்டிருந்த ஒருவனை நடைபாதையில் இழுத்துப் போட்டுத் தலையிலேயே மிதித்தார்கள். அவன் காது பாதி அறுந்து கன்னத்தில் தொங்கியது. மிதித்தவர்களில் இரண்டு பேர் எங்களிடம் தினமும் முட்டையை அரைவேக்காடாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஒருவன் மிதித்துக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். பழக்கதோஷம்.

அப்போதுதான் அத்தானின் வண்டி திருப்பத்தில் வந்தது. அவர் நிறுத்துவதற்குள் கூட்டம் பின்னாலும் மூடிக்கொண்டது. ஜன்னல்களில் வெயிலுக்காகக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வருகிறவர்கள் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். யாரோ வண்டியின் விலாவில் அடித்தான். அத்தான் அதை எப்போதும் தட்டுகிற தட்டு என்று எடுத்துக்கொண்டார். தோற்றுப்போன தன் ஊரைத் தேற்ற நினைத்தார். ஹாரன் அடித்தார். மெதுவாக. ரெண்டு நீட்டு, மூணு வெட்டு.

பச்சை வண்டியிலிருந்து அந்தத் தாளம் வந்தது.

தெரு ஒரு கணம் அசையவில்லை. பிறகு ஒரு குரல் கிழிந்தது. "நம்ம தாளத்தை வச்சே நக்கல் பண்றான்டா!"

கற்கள், பாட்டில்கள், நடைபாதை ஓடுகள். கண்ணாடி இரண்டும் அப்போதுதான் உடைந்தன. எங்கள் கடைக் கண்ணாடியோடு தாடியின் சுவரொட்டியும் பாதியாகக் கிழிந்து விழுந்தது. வண்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். உள்ளே பெண்கள் அலறுவது கேட்டது. பின்பக்கம், ஜன்னலின் மேல் இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் நீண்டு ஒரு சிவப்புத் துண்டை ஆட்டியது. நாங்கள் உங்கள் ஆட்கள்தான் என்று சொல்ல சூப்பம்மாவுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் ரசிகர்களிடம் ஒரு கணக்கு உண்டு: எதிரியின் துண்டைப் பறித்து அவன் கண்முன் ஆட்டுவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"நம்ம துண்டைப் பிடுங்கி ஆட்டறான்! விடாதே!"

கோல் விழும்போது கொளுத்தும் புகைக்குழல் ஒன்று எரிந்துகொண்டே அந்த ஜன்னலுக்குள் போனது. துண்டு உள்ளே இழுபட்டது. பின்இருக்கையில் தீ எழுந்தது.

முன்கதவைத் தாடி உதைத்துக்கொண்டிருந்தான். அவன் உதைத்த உதையில் மடக்குக் கதவு உள்பக்கமாக வளைந்து இறுகிவிட்டது. உள்ளே கைகள் அதை அறைந்தன. அக்கா சுவரிலிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். நான் அவள் பின்னால் போனேன்.

"தாடி! உள்ள இருக்கறது உன் மச்சான்டா! கதவை விட்டு நகரு!"

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். பிறகு கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அத்தானின் முகம் அங்கே, ஒரு கை தூரத்தில் இருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய, இரண்டு கைகளாலும் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். புகையில் எதுவும் தெரியவில்லை என்று பிற்பாடு சாட்சிக் கூண்டில் தாடி சொன்னான். புகை பின்பக்கம் இருந்தது. அவன் பார்த்ததை நான் பார்த்தேன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"பச்சையில ஏறினவன் பச்சைதான்க்கா" என்றான். அடுத்த உதை விழுந்தது.

அக்காவின் கை தலைக்கு மேலே நின்றது. நான் சொன்ன அந்த ஒரு கணம். அப்புறம் கம்பி இறங்கியது. கொக்கி அவன் இடது கண்ணில் இறங்கி, கன்ன எலும்பில் மாட்டியது. அக்கா இழுத்தாள். ஈரத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அவன் முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் சரிந்தான். அக்கா குனிந்து பார்க்கவில்லை. அதே கொக்கியைக் கதவின் இடுக்கில் மாட்டி, "பிடிடா!" என்றாள்.

இழுத்தோம். என் வாயில் யாரோ பாட்டிலால் அடித்தான். பற்களைத் துப்பிவிட்டு மறுபடி இழுத்தேன். அக்காவின் முதுகில் ஓடு வந்து விழுந்தது. கதவின் ஒரு மடிப்பு பெயர்ந்து வந்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். ஒவ்வொருவரையும் தரையோடு இழுத்து ஷட்டருக்கு அடியில் தள்ளினேன். கடைக்குள்ளிருந்து பாத்திரம் கழுவும் தண்ணீரையும், அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பையும் வாளி வாளியாகக் கொண்டுவந்து வண்டிக்குள் வீசினேன். தெரு முழுக்க ஈரம்.

அத்தான் கீழே இறங்கினார். எண்ணுவதுபோல் எங்களைப் பார்த்தார்.

"சூப்பம்மா எங்க?"

"அத்தான், வேணாம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் திரும்ப உள்ளே போனார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். நெருங்கி வந்த ஒருவனின் மணிக்கட்டை உடைத்தாள். மறுபடி யாரும் வரவில்லை.

அத்தான் வெளியே வந்தபோது அவர் கைகளின் தோல், கழன்ற கையுறைபோல் சுருண்டிருந்தது. அந்தக் கைகளில் சூப்பம்மாவைத் தூக்கி வந்தார். துண்டு உருகி அவள் கழுத்தோடு ஒட்டியிருந்தது. எரியாத ஒரு மூலையில் எங்கள் அணியின் சின்னம் தெரிந்தது. எதிரே நின்றவன் கையில் வைத்திருந்த கல்லை மெல்லக் கீழே வைத்தான்.

"நம்ம சூப்பம்மாடா" என்றான்.

அதைக் கேட்டவன் பின்னாலிருந்தவனிடம் சொன்னான். அப்படியே அது தெரு முழுக்கப் போனது. பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. வண்டி எரியும் சத்தமும், கீழே கிடந்த தாடி என்னவோ முனகும் சத்தமும் மட்டும் இருந்தன.

சூப்பம்மா, தான் தரை துடைத்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டு நாள் கழித்து இறந்தாள். மற்ற பயணிகள் பிழைத்தார்கள். காது அறுந்தவன் வழக்குக்கு வரவில்லை. அவன் என்ன ஆனான் என்று தெரியாது. புகைக்குழலை எறிந்தவன் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. தாடிக்கு ஒரு கண் போனது. சிறைக்குப் போய் வந்து டயர் கடையை மறுபடி நடத்துகிறான். இப்போதும் முரசு அடிக்கிறான். கண்ணைப் பறித்ததற்காக அக்காவும் சிறையில் இருந்தாள், அவனைவிடக் குறைந்த காலம். திரும்பி வந்து அடுப்படியில் நிற்கிறாள். அத்தானின் விரல்கள் மடங்குவதில்லை. டிப்போ வாசலில் வண்டிகளுக்கு வழிகாட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதைக் கையசைத்துச் செய்கிறார். அணி இன்னும் கீழ்ப் பிரிவில் இருக்கிறது. ஆட்ட நாட்களில் எங்கள் நிறுத்தத்துக்குப் பேருந்து வருவதில்லை. நான் கல்லாவில் இருக்கிறேன். அந்த நாட்களில் ஷட்டரை முழுவதும் இறக்கிவிடுகிறோம்.