இரும்பைச் சொல்லாத மிஷின்

2003இல் மழை பொய்த்து, வெள்ளகோவில் பக்கத்துக் குளங்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. திருப்பூரில் தைத்த துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் யூனிட் நடத்திவந்த பரணியும், எம்பிராய்டரி யூனிட் வைத்திருந்த இசக்கிமுத்துவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குளங்களுக்குப் போவார்கள். பழங்காசு தேடுவதற்கு. ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தார்கள்.

இசக்கிமுத்துவினுடையது சென்னையில் மலிவாக வாங்கியது. ஒரே ஒரு திருகு, ஒரே ஒரு சத்தம். ஆணி, சோடா மூடி, மாட்டு லாடம் எதுவானாலும் ஒரே மாதிரி கத்தும். பரணியினுடையதை அமெரிக்காவிலிருந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த விலைக்கு ஒரு மொபெட் வாங்கிவிடலாம். சின்னத் திரையில் எண் காட்டும். இரும்பு வேண்டாம் என்று வைத்துவிட்டால், இரும்புக்கு மேலேயே நின்றாலும் வாய் திறக்காது. செம்போ வெள்ளியோ இருந்தால் மட்டும் தெளிவாக ஒலிக்கும். பரணி அதை வைத்துப் பழைய செப்புக்காசுகள் சில எடுத்திருந்தான். இசக்கிமுத்துவிடம் ஒரு சாக்கு நிறையத் துருப்பிடித்த ஆணி இருந்தது.

அந்த ஞாயிறு அவர்கள் இறங்கிய குளம் பரணியின் பழைய ஊருக்குப் போகும் வழியில் இருந்தது. உச்சிவெயிலில் குளத்தின் நடுவே இசக்கிமுத்துவின் மிஷின் திடீரென்று கத்தத் தொடங்கியது. அவன் நகர்ந்தான். சத்தம் நிற்கவில்லை. ஓர் ஆள் படுத்திருக்கும் நீளத்துக்கு அது கத்திக்கொண்டே வந்தது.

"பரணி, இங்க வாரும்வே. ஒம்ம மிஷின வையும் பாப்போம்."

பரணி வைத்தான். சத்தமே இல்லை. திரையில் எண்ணும் இல்லை.

"இரும்புங்க. தகரம் ஏதாச்சும் கெடக்கும். விடுங்க, போலாம்."

"இம்புட்டு நீளத்துக்கா?"

பரணி நடந்தான். பத்தடி போனதும், யாரோ கூப்பிட்டது போல நின்று திரும்பிப் பார்த்தான். இசக்கிமுத்து தன் மிஷினை அணைத்துவிட்டுக் குனிந்து செருப்பிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் அந்தச் சத்தம் பரணியின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வாரம் முழுக்க அது போகவில்லை. யூனிட்டில் குழந்தைத் துணிகளை ஊசிமுனை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் மிஷினில் விடுவார்கள். புதன்கிழமை பரணி ஓடிப்போய் அதன் பெல்ட்டை நிறுத்தினான். கத்தியது என்றான். கத்தவே இல்லை என்றாள் அதில் நின்று வேலை பார்த்த ரோஸ்மேரி. துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

வீட்டில் அம்மா வேலாத்தாள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, சோத்துல கைய வெச்சுட்டு எங்க பாக்கற?"

"அந்தக் கொளத்துக்குப் போயிருந்தேனுங்கம்மா. நம்ம பழைய ஊருக்குப் போற வழில இருக்குதே, அது."

அவள் முகம் இறுகியது. "அந்தப் பக்கமெல்லாம் உனக்கு என்ன வேலை?"

அந்த ஊரைப் பற்றி அவள் பேசுவதில்லை. பரணிக்கு ஐந்து வயதிருக்கும்போது, அப்பா நல்லான் சைக்கிளில் காங்கயம் போனவர் திரும்பவில்லை. கண்ணி அறுந்த அவளுடைய கொலுசைப் பற்றவைத்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அதே வாரம் தறிக்குடோனில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் ஊரை விட்டுப் போயிருந்தாள். இரண்டு பேரையும் பஸ் ஸ்டாண்டில் சேர்த்துப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஊர் மீதியைச் சொல்லி முடித்தது. பெண்டாட்டி கொலுசையே கொண்டுபோய் அவளுக்குப் போட்டுவிட்டான் என்று குழாயடியில் பேசினார்கள். வேலாத்தாள் அவருடைய போட்டோவை அடுப்பில் போட்டாள். பொட்டை மட்டும் அழிக்கவில்லை. எங்கோ உயிரோடு இருப்பவனுக்கு எப்படி அழிப்பது? பெயரை மட்டும் அன்றிலிருந்து சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு பரணியே இசக்கிமுத்துவைக் கூப்பிட்டான். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு போனார்கள். மலிவு மிஷின் அதே இடத்தில் அதே நீளத்துக்குக் கத்தியது. வண்டல் கல்லாக இறுகியிருந்தது. முழங்கால் ஆழம் வெட்டியதும் வளைந்த கம்பி ஒன்று தட்டுப்பட்டது. பிறகு சக்கரத்தின் விளிம்பு. பிறகு ஹேண்டில்பார்.

"சைக்கிள்வே," என்றான் இசக்கிமுத்து.

பரணி தன் மிஷினை எடுத்துக் குழிக்குள் நீட்டினான். இரும்பை ஒதுக்கியிருந்த அந்த மிஷின், சைக்கிளின் கேரியர் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மேல்மண் போனதும் முதல்முறையாக ஒலித்தது. திரையில் பெரிய எண் வந்தது. இத்தனை மாதம் அந்த எண்ணுக்காகத்தான் அலைந்திருந்தான். இப்போது அவன் மண்வெட்டியைத் தொடவில்லை.

இசக்கிமுத்துதான் கையால் மண்ணைப் பறித்தான். சோறு கொண்டுபோகும் பித்தளைத் தூக்குப்போசி ஒன்று நசுங்கி வந்தது. துடைத்ததும் அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவது போல. வேலாத்தாள்.

"இது..." என்றான் இசக்கிமுத்து.

மூடியைக் கடப்பாரையால் நெம்பினார்கள். உள்ளே இறுகிய மண்ணுக்குள் கறுத்துப்போன இரண்டு கொலுசுகள் இருந்தன. ஒன்றில் கண்ணி அறுந்த இடத்தில் பற்றவைத்த தடம் மேடாகத் தெரிந்தது.

பரணி குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். குளத்துக்குள் இறங்கி ஏறும் குறுக்குப் பாதை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது அவனுக்குத் தெரியும். அப்பா காணாமல்போன அந்த வாரம் பெருமழை என்பதையும் கேட்டிருந்தான். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"ஹேண்டில்பார் ஊர்ப் பக்கம் பாத்திருக்குதுங்க," என்றான். "ஊட்டுக்குத்தான் வந்திருக்காருங்க."

வெள்ளத்தில் உருண்ட சைக்கிள் எந்தப் பக்கமும் பார்த்திருக்கும் என்று இசக்கிமுத்துவுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. "ஆமாவே," என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் பரணி கொலுசுகளைத் துண்டில் சுற்றி அம்மாவின் முன்னால் வைத்தான். எங்கே கிடைத்தது, எதனோடு கிடைத்தது என்று சொன்னான். வேலாத்தாள் பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பத்த வெச்சுத்தான் கொண்டாந்திருக்காரு," என்றாள். பிறகு, "அவரு எங்க கண்ணு?"

"கொலுசும் சைக்கிளும்தானுங்கம்மா கெடச்சுது."

"நல்லானு..." என்று ஒருமுறை கூப்பிட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "நானு எத்தன சாபம் விட்டனோ சாமி. தண்ணிக்கடியில கெடந்து அத்தனையும் கேட்டிருப்பியே."

போலீசுக்குச் சொன்னார்கள். ஆட்கள் வந்து குளத்தில் வெகுதூரம் தோண்டினார்கள். ஒரு செருப்பின் அடித்தோல் மட்டும் கிடைத்தது. உடல் இல்லாததால் புல்லில் உருவம் செய்து, அதற்குத்தான் பரணி கொள்ளி வைத்தான். அன்றைக்கு வேலாத்தாள் பொட்டை அழித்தாள். பழைய ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களில் யார் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. வந்தவர்களும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவள் மத்தியான வேளைகளில் தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். திட்டு அல்ல. இத்தனை வருஷத்து வீட்டு விஷயங்களை, எதிரே ஆள் இருப்பது போல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் நிறுத்திக் காத்திருப்பாள். பதில் வந்தது போலத் தலையாட்டிவிட்டு மறுபடி தொடர்வாள். பரணி அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவதைத் தவிர்த்தான்.

அடுத்த கோடையில் இசக்கிமுத்துதான் அவனை வற்புறுத்தி அழைத்துப் போனான். அமராவதி நகருக்குக் கீழே ஆற்றுமணலில் இருவரும் நடந்தார்கள். பரணியின் மிஷின் ஓரிடத்தில் தெளிவாக, அழகாக ஒலித்தது. நல்ல எண். இசக்கிமுத்து மண்வெட்டியை ஓங்கினான்.

"வேண்டாமுங்க," என்றான் பரணி.

"என்னவே, காசா இருந்தா?"

"யாரோடதுன்னு தெரியலீங்களே."

அவன் மிஷினை அணைத்தான். பிறகு இசக்கிமுத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். அந்த இடத்தை மிதிக்காமல், சுற்றிக்கொண்டு கரையேறினார்கள்.