ஹப்ரோவாவின் மண்

ஷப்னம் வீடியோ அழைப்பில் வந்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணில் வந்த தண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. போனை எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். திரையில் முதலில் வானம் வந்தது, பிறகு வெள்ளைப் பட்டை மரங்கள், பிறகு அந்தக் கோயில். ஒரு வருடமாக வரைபடங்களிலும் செய்மதிப் படங்களிலும் மட்டுமே நான் பார்த்திருந்த ஹப்ரோவாவின் மாதா கோயில். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தெற்குப் பக்கம் சரிந்து நின்றது. அதற்கு முன்னால் மஞ்சள் மழைச்சட்டையோடு ஷப்னம்.

“சுஜானி, நீங்க சொன்ன மாதிரியே இருக்குங்க! உள்ள போய் நின்னா தலை சுத்துது. தரை நேரா இருக்கா நாம நேரா இருக்கோமான்னே தெரியல.”

நான் சொன்ன மாதிரியே. சொன்னது நான், நிற்பது அவள். கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை இடுப்பால் ஒதுக்கிவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அது கோயிலோ பிள்ளை? ஏன் சரிஞ்சு நிக்குது?”

“கீழ இருந்த நிலக்கரி பூரா எடுத்துட்டாங்க ஆன்ட்டி. ஊரே முப்பது மீட்டருக்கு மேல கீழ எறங்கிருச்சு. வீடெல்லாம் போச்சு. மாதா கோயில் மட்டும் நிக்குது.”

“என்ர மாதாவே” என்று அம்மா சிலுவை அடையாளம் போட்டார். “நீ குளிருக்கு ஏதும் போட்டிருக்கிறியோ? சாப்பிட்டியோ மகள்?”

மகள். நான் இடையில் புகுந்து வேலையைப் பேசினேன். “கோயில் மதிலுக்கு உள்பக்கத்து மண் வேணும். மேல் மண் இல்லை, ஒரு முழம் தோண்டி எடுங்கோ. ஒரு பை நிறைய.” அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இத்தாலியில், பலேர்மோப் பல்கலைக்கழகத்தில், என் முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய நாளில் பேராசிரியர் அன்போடு சொன்னார், உன்னுடைய சமூகத்தைப் பற்றி எழுதலாமே, பலேர்மோவின் தமிழர்கள், ஊர்க் காவல் புனிதை சாந்தா றோசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறார்களே, எவ்வளவு அழகு. என்னோடு படித்த சிசிலிப் பொடியன் ஒருவன் ஐஸ்லாந்து எரிமலையைப் பற்றி எழுதினான். அவனிடம் யாரும் உன் சமூகம் என்ன என்று கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் ஒரு பணக்கார இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறார், அந்த வீட்டில் துடைத்த பளிங்குத் தரையில்தான் என் படிப்பு நடந்தது. அதற்குப் பிறகும் நான் என்னையே தோண்டி எடுத்து மேசையில் வைக்க வேண்டுமா? வேண்டுமென்றே எனக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஓர் ஊரைத் தேடினேன். செக் நாட்டின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லையோரம், ஆளில்லாத ஒரு சுரங்க ஊர். ஹப்ரோவா. அதற்காகவே போனில் செக் மொழி படித்தேன், பஸ்ஸில் இருந்தபடி முணுமுணுத்தேன்.

அந்த ஊரின் கதை எனக்கு என் கதையைவிட நன்றாகத் தெரியும். ஒஸ்திரியப் பேரரசின் காலத்தில் சோளமும் உருளைக்கிழங்கும் விளைந்த சரிவு அது. கீழே கறுப்புப் படலம் கிடக்கிறது என்று தெரிந்ததும் குழி இறக்கினார்கள். போலந்துப் பக்கத்துக் கலீசியாவிலிருந்து பட்டினி கிடந்த குடும்பங்கள் வேலை தேடி வந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும் இரண்டு புதிய நாடுகள் அந்தப் பகுதிக்காகப் பிடுங்குப்பட்டன. செக்கோஸ்லோவாக்கியா என்றார்கள், கொஞ்சக் காலம் போலந்து என்றார்கள், பிறகு ஜெர்மனி, பிறகு மறுபடியும் செக்கோஸ்லோவாக்கியா. ஆட்சி மாறும்போதெல்லாம் வீதிப் பலகைகளை மாற்றினார்கள். கரி மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போனது. தோண்டத் தோண்ட மேலே நிலம் உட்கார்ந்தது. சுவர்கள் வெடித்தன, கிணறுகள் வற்றின, பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கி இன்று ஏரியாகக் கிடக்கிறது. சனத்தைப் பக்கத்து நகரத்து மாடிவீடுகளுக்கு ஏற்றினார்கள்.

இருந்த இடத்தை விட்டு அசையாமலே அந்த ஊர் இத்தனை நாடுகளைப் பார்த்துவிட்டது. நான் ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்து, பதினைந்து வருடமாக ஒரே நாட்டில் கிடக்கிறேன். எனக்கு ஒரு நாடும் வாய்க்கவில்லை. ஆம், ஷப்னத்தின் மேல் மட்டுமல்ல, ஊரின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

எங்கள் பல்கலைக்கழகத் துறையிலிருந்து ஹப்ரோவாவுக்கு ஓர் ஆளை அனுப்பக் காசு வந்தபோது என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அட்டை, புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் இருந்தது ரசீது. அதைக் கொண்டு வேலை செய்யலாம், படிக்கலாம், நேரே இலங்கைக்குப் போய்த் திரும்பலாம், வேறொரு ஐரோப்பிய நாட்டுக்குள் மட்டும் கால் வைக்க முடியாது. திருச்சியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்து எட்டு மாதமான ஷப்னத்தின் கைப்பையில் புத்தம் புது அட்டை இருந்தது. அவள் போனாள். போகுமுன் என் வரைபடங்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கெட்டவளாக இருந்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவள். அம்மாவுக்குப் பிரஷர்க் குளிசை வாங்கி வருவாள், பாத்திரம் கழுவித் தருவாள். “அவவைப் பாத்துப் படி, அக்கா எண்டு கூப்பிடு” என்பார் அம்மா. நான் பெயரைத்தான் சொல்வேன்.

அவள் திரும்பி வந்த சனிக்கிழமை நான் துறைமுகத்துக்கு எதிரேயிருக்கும் விடுதி ஒன்றில் நாப்போலிக் கப்பலில் வந்திறங்கியவர்களுக்குக் கட்டில் விரித்துக்கொண்டிருந்தேன். மண்ணைக் காலையிலேயே வீட்டில் கொடுத்துவிட்டதாக அவளிடமிருந்து செய்தி வந்தது. பஸ்ஸில் எங்கள் வீடு இருக்கும் சீசாப் பகுதிக்கு வரும் வழியெல்லாம் கடைசி அத்தியாயத்தின் வசனங்கள் தலைக்குள் ஓடின. கோயிலைக் காப்பாற்ற மதிலுக்குள் கொட்டி நிரப்பிய மண், சுரங்கத்திலிருந்தே வந்த கழிவு என்பது என் வாதம். அந்த ஒரு பையைச் சோதித்தால் போதும், அது நிரூபணம்.

வீட்டுக்குள் வந்ததும் பல்கனிக் கொடியில் என் கண் நின்றது. சொக்ஸுகளுக்கு நடுவே, கிளிப் மாட்டி, கழுவிய ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் ஆடியது. அதில் ஷப்னத்தின் கையெழுத்து அழிந்தும் அழியாமலும் இருந்தது: Habrová, உள்மதில்.

“அம்மா, இதுக்குள்ள இருந்தது எங்கை?”

“கோயில் மண்தானே? செபமாலைக் கூட்டத்துக்குக் கொண்டு போனனான்.” அம்மா மிகச் சாதாரணமாகச் சொன்னார். “மரியமலருக்கு முழங்கால் ஏலாது, அவவுக்குக் கொஞ்சம். பீலிக்ஸ் அண்ணைக்குத் திங்கள் குவெஸ்தூராவில அட்டை அலுவல், நெத்தியில பூசிக்கொண்டு போகட்டும் எண்டு அவருக்கும். ஜோக்கிம் வீட்டு வாசலுக்குப் போட்டவர். எல்லாருக்கும் கிள்ளிக் கிள்ளித்தான் குடுத்தனான், போதாமல் போட்டுது.”

மன்னாரில் மடுமாதா கோயில் மண்ணைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் பாம்பு அண்டாது என்று வளர்ந்த ஆள் அம்மா. பலேர்மோவில் பாம்பு இல்லை. ஆனால் பயப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது.

“அது சுரங்கக் கழிவு! குப்பை! எல்லாற்றை நெத்தியிலும் குப்பையைப் பூசிவிட்டு வந்திருக்கிறியள்!”

“உனக்கு எல்லாம் குப்பைதான். நான் சமைக்கிறதும் குப்பை, நாங்கள் கதைக்கிறதும் குப்பை.” அம்மா சத்தத்தைக் கூட்டவில்லை. “அந்தப் பிள்ளை என்ர கையில தந்துது. ‘ஆன்ட்டி, கோயில் மண்ணு’ எண்டுதான் தந்துது. ஆராய்ச்சிக்கெண்டு ஆர் எனக்குச் சொன்னது? நீ என்னத்தைப் படிக்கிறாய் எண்டு என்னட்ட எப்பவாவது சொன்னனியா? எல்லாம் அவளுக்குத்தான் சொல்லுறாய்.”

அந்தக் குரலில் இருந்தது எனக்குப் பழக்கமான ஒன்று. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஞாயிறு மதியம் ஷப்னம் சாப்பிட வந்தாள். அம்மா மீன் பொரித்து, சொதி வைத்து, தானே வெட்கத்தோடு நடந்ததைச் சொன்னார். ஷப்னம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். “ஐயோ ஆன்ட்டி, என் தப்புதான், நான்தான் ஒழுங்கா சொல்லல” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“கவலப்படாதீங்க சுஜானி. அதே குழியில இன்னொரு பை எடுத்து வச்சிருக்கேன். என் பேப்பருக்கு.”

“எந்தப் பேப்பருக்கு?”

“அதான்... ஹப்ரோவா பத்தி ஒண்ணு எழுதலாம்னு. சார் கிட்ட சொன்னேன், நல்லா இருக்குன்னாரு.” அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். “நீங்க பேசிப் பேசி எனக்கே அந்த ஊரு மேல பைத்தியம் புடிச்சிருச்சு.”

“அது என்ர ஊர்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு விசர்த்தனம் என்று எனக்கே தெரிந்தது. அம்மா அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தார். சொந்தம் வேண்டாமென்று தேடிப் பிடித்த ஊரை நான் சொந்தம் கொண்டாடுகிறேன், ஒரு நாளும் கால் வைக்காமல்.

“உங்க ஊருதாங்க, யாரு இல்லன்னா? சேர்ந்து எழுதுவோம். உங்க பேரும் போடுவோம். மண்ணை லேபுக்கு அனுப்பட்டுமா? நீங்க சரின்னா ரெண்டு பேர் பேருலயும் நாளைக்கே அனுப்பிடுறேன்.”

நான் கட்டின வீட்டுக்கு எனக்கே விருந்து அழைப்பு. தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். “யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன், அக்கா என்று சொல்லாமல்.

மறுநாள் குவெஸ்தூராவில், வதிவிட அட்டை கொடுக்கும் பொலிஸ் தலைமையகத்தில், எனக்கும் அம்மாவுக்கும் கைரேகை கொடுக்கும் முறை. வாசலில் நின்ற வரிசையில் பீலிக்ஸ் மாமா முன்னுக்கு நின்றார். இஸ்திரி போட்ட சேர்ட், வாரிய தலை, நெற்றி நடுவில் கறுப்பாக ஒரு கோடு. ஹப்ரோவா, என் ஆய்வின் கடைசி அத்தியாயம், வியர்வையில் மெல்ல மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. “என்ன பிள்ளை, இந்தமுறை கிடைக்கும் போலயிருக்கு” என்றார். எனக்கு அவரை அடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, அந்தக் கோட்டை அழியாமல் காப்பாற்றவும் வேண்டும்போல் இருந்தது.

போன் அதிர்ந்தது. ஷப்னம். “லேப் பதினொரு மணி வரைக்கும்தான் வாங்குவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மா கைப்பையைத் திறந்து, மடித்த சிறு தாள் ஒன்றை எடுத்தார். “சாந்தா றோசாலியா படத்துக்கு முன்னால வைச்சது. மிச்சம் இவ்வளவுதான். உனக்கெண்டுதான் வைச்சனான்.” பெருவிரலை என் நெற்றிக்குத் தூக்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விலகி, தாளைப் பறிக்கப்போனேன், அது பாதி விரிந்து என் விரல்கள் மண்ணுக்குள் போயின. ஈரம் காய்ந்த, எண்ணெய்ப்பிடிப்பான கறுப்புத் தூள். இடையில் சில மணிகள் மினுங்கின. நான் ஆவணங்களில் படித்த எந்த விவரிப்பிலும் அது இவ்வளவு மென்மையாக இருக்கவில்லை.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சின்னக் கண்ணாடித் தட்டைக் காட்டினாள். நான் சுட்டுவிரலை வைத்தேன். அவளுடைய திரையில் என் ரேகை எழுந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும் கோடுகள், நடுவில் கருமையாக அடைந்த ஒரு பள்ளம். ஒரு வருடமாக நான் கணினியில் வரைந்த ஹப்ரோவாவின் சமவுயரக் கோடுகள் அப்படித்தான் இருக்கும்.

“விரல் அழுக்கு, துடைத்துவிட்டு வையுங்கள்” என்று இத்தாலிய மொழியில் சொல்லி துடைக்கும் தாள் ஒன்றை, ஒரு ரிசுவை, நீட்டினாள்.

ரிசுவை வாங்கிக்கொண்டேன். பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. நான் துடைக்காமல் என் கறுத்த விரலைப் பார்த்தபடி நின்றேன்.