அவள் இல்லாத நாட்கள்

விசாரணை அறையில் ஹலீனா கோஸ்தியுக் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தபோது மாரிவிக் அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். வின்னிபெக்கில் மாரிவிக்கும் கணவனும் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்துக்காரி. எண்பது வயதில், சாட்சி சொல்கிறேன் என்று தானாகவே வந்திருந்தாள்.

நிரந்தர வசிப்புரிமை வைத்திருப்பவர் ஐந்தாண்டில் எழுநூற்று முப்பது நாளாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். மாரிவிக்குக்கு நூற்றெண்பது நாள் குறைந்தது. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்க்க ஒரு மாதம் என்று பிலிப்பைன்ஸில் தன் ஊரான இலோய்லோவுக்குப் போனவள், மூன்றரை வருடம் கழித்து அவளைப் புதைத்துவிட்டுத்தான் திரும்பினாள். விமான நிலையத்திலேயே உரிமையைப் பறிக்கும் தாளைக் கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு போட்டு ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. கணவன் நெஸ்டர் குடியுரிமை பெற்றவன், இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அவள் இல்லாமல் அவன் பட்ட பாட்டைச் சொன்னால் மனிதாபிமானத்தில் விடுவார்கள் என்று வக்கீல் நம்பினார்.

ஹலீனா யாரும் எதிர்பாராததைச் சொன்னாள்.

“இந்தப் புள்ள எங்கயும் போகலயே. தினமும் மாடியில நடக்கிற சத்தம் கேக்கும். விடியக்காலைல அரிசி கழுவுவா. என் படியில பனி தள்ளிக் குடுப்பா. பேசமாட்டா, தலைய மட்டும் ஆட்டுவா.”

வருடம் குழம்பியிருக்கலாமே என்றார் அரசுத் தரப்பு வக்கீல். தம்பியை அடக்கம் செய்த வாரம் இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதை மறப்பேனா என்று ஹலீனா தேதியையே சொன்னாள். அந்த வாரம் மாரிவிக் அம்மாவுக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் நெஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஆச்சரியப்படவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது இங்கே இருந்தீர்களா என்று அவளிடம் கேட்டார்கள்.

“இல்ல. அம்மா பக்கத்துல இருந்தேன்.”

அடுத்து நெஸ்டர். தூக்கம் போனது, உடம்பு இளைத்தது என்று வக்கீல் அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். தனியாக எப்படிச் சமாளித்தீர்கள் என்று விசாரிப்பவர் கனிவாகத்தான் கேட்டார்.

“தனியா இருந்த மாதிரி தெரியல.”

வேறு பெண் யாராவது உண்டா என்றார் அரசுத் தரப்பு வக்கீல்.

“வேற யாரும் வரல. இவதான்.”

திரும்பும் வழியில் காரில் அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. யார் அது என்று மட்டும் கேட்டாள். அவள் ஊருக்குப் போன இரண்டாவது வாரம் சமையலறையில் சத்தம் கேட்டதாகவும், முதலில் பயந்ததாகவும், பிறகு இரண்டு பேருக்குச் சோறு வைக்க ஆரம்பித்ததாகவும் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். இருபது வருடமாக அதற்காகவே அவனைக் கேலி செய்திருக்கிறாள்.

“நான் திரும்பி வந்தப்புறம்?”

சிவப்பு விளக்கு மாறி, பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

“நின்னுபோச்சு, மாரி.”

செத்தவர்களைப் பற்றித்தான் அந்தக் குரலில் பேசுவார்கள். திரும்பி வந்த புதிதில், அவன் சாப்பிடுகையில் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. பிரிவால் கணவருக்குப் பெரிய துன்பம் நேர்ந்ததாகத் தெரியவில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. கணவர் புதிதாக விண்ணப்பித்து மனைவியை அழைத்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு வருடமாகும், உடனே தொடங்குங்கள் என்றார் வக்கீல். அவசரமில்லை, நிதானமாக எழுதலாம் என்றான் நெஸ்டர்.

பிப்ரவரியில் கிளம்பினாள். விமான நிலையத்தில் அவன் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான், கன்னத்தில் முத்தமிட்டான், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு என்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒருமுறை மட்டும் கடிகாரத்தைப் பார்த்தான்.

உள்ளே போனவள் கண்ணாடிச் சுவர் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெஸ்டர் காரைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் போகவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்தபடி சற்று நின்றான். பிறகு குனிந்து, உள்ளே உட்கார்ந்தவளின் கோட்டு ஓரம் மாட்டிக்கொள்ளாதபடி ஒதுக்கிவிடுகிறவனைப் போலக் கையை அசைத்து, கதவை மெதுவாகச் சாத்தினான்.